பலகையில் உள்ள பெயர் அப்படியே இருக்கட்டும்

யார் எவ்வளவு நேரம் பேசினாலும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை என்ற உறுதியோடு இந்த அவைக்குத் தலைமை தாங்கும் கோல்ஃப் மன்றத் தலைவர் ஐயா அவர்களே! விதிகளைக் கரைத்துக் குடித்த பிறகும் முகத்தில் சிரிப்பைக் குடிவைத்திருக்கும் தலைமை நடுவர் அம்மையார் அவர்களே! மேடையின் வலது ஓரத்தில், பந்தல் துணி எட்டாத இடத்தில், வெயிலை முழுவதுமாக வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கும் வீராங்கனையே, என் தங்கையின் தோழியே, நாங்கள் எல்லோரும் செல்லமாக 'நெட்டை' என்றழைக்கும் நெடுந்தொலைவு அடிப்பவரே! முன்னே அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளைகளின் மட்டைப் பையைத் தூக்கித் தூக்கித் தோள் சாய்ந்துபோன தாய்மார்களே! கொடியைக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டு திரியும் இளம் வீராங்கனைகளே! எல்லோருக்கும் முன்னால், மடக்கிய குடையை மடியில் வைத்துக்கொண்டு என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அம்மாவே! உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

நான் கல்லூரியில் பாடம் நடத்துபவள். விடுமுறை வந்தால் தங்கைக்குப் பை தூக்குபவள். பாடம் நடத்துவது பிழைப்புக்கு. பை தூக்கியது பாசத்துக்கு. அந்தத் தங்கை இன்று இல்லை. அவள் பெயரால் கூடியிருக்கும் இந்தக் கூட்டத்தில், அவளுக்கு நீங்கள் தரவிருக்கும் பெருமையைப் பெற்றுக்கொள்ளத்தான் என்னை மேடைக்கு அழைத்தீர்கள். எப்படிப் பெறுவது என்று தெரியாமல் நிற்கிறேன்.

என் தங்கையை ஆட்டக்காரிகள் 'கண்ணளவு' என்று கூப்பிடுவார்கள். கொடியைப் பார்ப்பாள், காற்றைப் பார்ப்பாள், காலடிப் புல்லைப் பார்ப்பாள். எந்த மட்டை என்று சொல்லிவிடுவாள். தூரமளக்கும் கருவி சந்தைக்கு வந்து வெகுகாலம் ஆன பிறகும் அவள் அதை வாங்கவில்லை. கடைசியில் அவள் கணவர் பிறந்தநாளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தார். "இத வச்சு உங்க தொப்பைய அளக்கலாம்" என்று அவரைக் கேலி செய்துவிட்டுப் பைக்குள் போட்டாள். பைக்குள்ளேயே கிடந்தது.

அதோ பின்வரிசையில் ஓர் அண்ணன் கருவியைக் கண்ணில் வைத்து என்னையே அளந்துகொண்டிருக்கிறார். அளங்கள் அண்ணா, தவறில்லை. ஆனால் நான் கொடி இல்லை. என்னை நோக்கிப் பந்து எதையும் அனுப்பிவிடாதீர்கள்.

சிரிக்கிறீர்கள். இப்படிச் சிரிக்க இத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்பதைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை, என்னைவிட அவளுக்கு ஆசை. இன்று பெண்கள் ஆடும் ஆட்டத்துக்கு இருக்கை பிடிக்க வரிசை நிற்கிறது. இன்று தொலைக்காட்சியில் பெண் ஒருத்தி மட்டையை எடுத்தால் தெருவே பேச்சை நிறுத்துகிறது. அன்று? அன்று பெண்கள் இறுதிச் சுற்றின் பார்வையாளர்களை ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அந்த வேனிலும் சிலர் உணவுக்கூடத்துக்கு வழி கேட்டு வந்தவர்கள். ஒருவர் தன் நாயை நடத்திச் செல்ல வந்தவர். நல்ல அடி அடித்தால் கைதட்டல் கேட்காது. நாய் குரைப்பது கேட்கும்.

அப்படிப்பட்ட ஓர் இறுதிச் சுற்றின் கடைசிக் குழிக்கு உங்களை அழைத்துப் போகிறேன்.

நெட்டையும் கண்ணளவும் போட்டியாளர்களாக ஒன்றாக நடந்து ஆடிவந்தார்கள். என் தங்கை ஓர் அடி முன்னிலை. கோல்ஃப் தெரியாத தாய்மார்களுக்குச் சொல்கிறேன்: இந்த ஆட்டத்தில் யார் குறைவாக அடிக்கிறாரோ அவரே வென்றவர். ஓர் அடி முன்னிலை என்றால் ஓர் அடி குறைவு. கடைசிக் குழி மேட்டின்மேல் இருந்தது. கொடியைப் பார்த்தாள். கண்ணைக் கசக்கினாள். மறுபடி பார்த்தாள். பிறகு, அன்று முழுவதும் செய்யாத ஒன்றைச் செய்தாள். என் பக்கம் கையை நீட்டினாள்.

"அக்கா, அந்த மெஷினைக் குடு. கொடி ரெண்டு ரெண்டாத் தெரியுது."

வியர்வை கண்ணில் இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தானே நினைத்திருப்பீர்கள்? கொடுத்தேன். அளந்தாள். அது காட்டிய எண்ணுக்கு ஏற்ற மட்டையைக் கேட்டாள். அடித்தாள். பந்து ஏறியது, இறங்கியது, குழியருகே போய்ப் படுத்துக்கொண்டது. இனி ஒரு தட்டு. ஒரே தட்டு. பட்டம் அவளுடையது. அம்மா குடையை விரித்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வந்து அவள் தலைக்குமேல் பிடித்தார்.

மேட்டில் ஏறும்போது அவள் நடை தளர்ந்தது. கையில் இருந்த கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பக்கவாட்டில் ஒரு சின்னத் தள்ளுபொத்தான் உண்டு. அதைத் தள்ளிவைத்தால் கருவி தூரத்தை மட்டும் சொல்லாது. மேட்டையும் பள்ளத்தையும் கணக்கிட்டு, இவ்வளவு தூரத்துக்கு அடி என்று அதுவே தீர்மானித்துச் சொல்லும். பயிற்சியில் அது துணை. போட்டியில் அது குற்றம். தூரத்தைக் கருவி சொல்லலாம். மேட்டைக் கணிப்பது ஆட்டக்காரியின் வேலை. முந்தைய நாள் பயிற்சியில் முதன்முறையாக அதை எடுத்து விளையாட்டாகத் தள்ளிப் பார்த்த பொத்தான், தள்ளியபடியே இருந்தது. எண்ணின் பக்கத்தில் அதற்கான குறியும் இருந்திருக்கிறது. கொடியே இரண்டாகத் தெரிந்த கண்ணுக்குக் குறி எங்கே தெரியும்?

குழியருகே போனாள். தட்டவில்லை. நடுவரைக் கூப்பிடச் சொன்னாள். நெட்டை அருகில் வந்து என்னவென்று கேட்டாள். இவள் சொன்னாள். நெட்டை குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது.

"பேசாம தட்டிட்டுப் போடி. நான் பாக்கல. யாருமே பாக்கல."

"நான் பாத்தேன்ல."

அவ்வளவுதான். நடுவர் வந்தார். இதோ இங்கே அமர்ந்திருக்கும் அம்மையார்தான் அன்றும் நடுவர். இரண்டு அடி தண்டனை என்றார். ஓர் அடி முன்னே நின்றவள் ஓர் அடி பின்னே போனாள். தட்ட வேண்டிய பந்தைத் தட்டினாள். தோற்றுப்போய்த் தொப்பியைக் கழற்றினாள்.

நெட்டை அவளைக் கட்டிக்கொள்ள ஓடிவந்தாள். குடைக்குள் தலையை நுழைத்தாள். அம்மா குடையைப் பட்டென்று மடக்கினார். மடக்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வண்டி நிற்கும் இடத்துக்கு நடந்தார். அன்றிலிருந்து அம்மா நெட்டையோடு பேசியதில்லை.

அம்மா, தலையைக் குனிய வேண்டாம். உங்களைக் குறைசொல்லவில்லை. பெற்ற வயிறு யார்மேலாவது கோபப்பட வேண்டும். பொத்தான்மேல் கோபப்பட முடியுமா? விதிமேல் கோபப்பட்டு என்ன பயன்? நெட்டை உயரமாக இருந்தாள். கோபம் அங்கே போய் நின்றது.

பிறகு கண் மருத்துவரிடம் போனோம். கண்ணாடி எழுதித் தருவார் என்று போனோம். அவர் கண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், வேறு மருத்துவரிடம் போகச் சொன்னார். கோளாறு கண்ணில் இல்லை, கண்ணுக்குப் பின்னால், மூளையில் என்று அங்கேதான் தெரிந்தது. ஐயா, அம்மா, நான் எதைச் சொல்வேன்? மேட்டின்மேல் பறந்த ஒற்றைக்கொடி இரண்டாகத் தெரிந்ததே, அது வியர்வை இல்லை. அது வெயில் இல்லை. அதுதான் முதல் அறிகுறி. பட்டத்தையும் பார்வையையும் பறிகொடுக்கத் தொடங்கியது ஒரே நாளில், ஒரே குழியில்.

கண்ணளவுக்குக் கண் போனது. மருத்துவமனை அறையில் சுவரில் ஒரு தொலைக்காட்சி. ஒரு பிற்பகலில் பெண்கள் இறுதிச் சுற்று ஓடியது. அவளால் பார்க்க முடியாது. நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். நெட்டை நல்ல அடி ஒன்று அடித்தாள். கூட்டம் எழுந்து தட்டியது. ஒலியைக் கூட்டச் சொன்னாள். கூட்டினேன். இன்னும் கூட்டச் சொன்னாள். செவிலியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

"அக்கா, ஒரு வேனுக்கு மேல இருப்பாங்க போல."

"பல வேன் வேணும்டி."

சிரித்தாள். கொஞ்ச நேரம் அந்தக் கைதட்டலுக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு கிடந்தாள். பிறகு சொன்னாள். இன்று நான் இங்கே வந்ததே இதைச் சொல்லத்தான்.

"எனக்கு ஈசியா இருந்துச்சுக்கா. நாய்தான் பாத்துச்சு. இந்தப் பிள்ளைங்கதான் பாவம், இத்தனை பேர் முன்னாடி தோக்கணும்."

யாரும் பார்க்காதபோது நேர்மையாக இருப்பது கடினம் என்று நாம் பேசுகிறோம், எழுதுகிறோம், மேடைதோறும் முழங்குகிறோம். அவள் வேறு விதமாக நினைத்தாள். ஆயிரம் கை தட்டிக்கொண்டிருக்கும்போது ஒற்றைக் கையைத் தூக்கி 'நடுவரே' என்று அழைப்பதுதான் கடினம் என்று நினைத்தாள். இளம் வீராங்கனைகளே, உங்களைத்தான் நினைத்தாள். உங்கள் முகம் தெரியாது, பெயர் தெரியாது, உங்களுக்காகக் கவலைப்பட்டாள். அந்தக் கவலையோடுதான் போனாள்.

இப்போது, மன்றம் இன்று கொண்டுவந்திருக்கும் தீர்மானத்துக்கு வருகிறேன்.

சென்ற மாதம் நெட்டை எங்கள் வீட்டுக்கு வந்தாள். துணிப்பையில், அன்று அவள் வென்ற கோப்பை. வாசலிலேயே நின்றுகொண்டு, "அம்மா, இது உங்க வீட்டுல இருக்க வேண்டியது" என்றாள். தன் வீட்டு அலமாரியில் அதைப் பெயர் தெரியாதபடி சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்ததாகச் சொன்னாள். மன்றத்தின் வெற்றியாளர் பலகையில் அந்த ஆண்டுக்குரிய இடத்தில் தன் பெயரை எடுத்துவிட்டுக் கண்ணளவின் பெயரை எழுதும்படி மன்றத்தை அவளே கேட்டாள். மன்றமும் மனமிரங்கி, இன்றைய மேடைக்கு அப்படி ஒரு தீர்மானம் எழுதியது. பலகையில் புதுப் பெயர். அம்மாவின் கையில் கோப்பை. நெட்டை வந்த அன்று அம்மா கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். போனவளுக்கு ஒரு பெயராவது மிஞ்சட்டும் என்றார். நான் மறுத்துப் பேசினேன். இன்று காலைவரை பேசினேன். அதனால்தான் அந்த முறைப்பு.

பெரியோர்களே! தூரமளக்கும் கருவியில் ஒரு கோளாறு உண்டு. இங்கே பலருக்குத் தெரியும். கை கொஞ்சம் ஆடினால், கொடியைக் குறிவைப்போம், பின்னால் நிற்கும் மரத்தைப் பிடித்துவிடும். எண் துல்லியமாகத்தான் இருக்கும். ஆனால் அது மரத்தின் தூரம். உங்கள் தீர்மானமும் அப்படித்தான். அன்பில் கை ஆடிவிட்டது. என் தங்கையைக் குறிவைத்தீர்கள். பிடித்தது வேறொன்றை.

அவள் வென்றாள் என்று எழுதினால், அவள் அன்று செய்தது என்ன ஆகும்? கூப்பிட்ட நடுவர் வீணா? கழற்றிய தொப்பி வீணா? "நான் பாத்தேன்ல" என்ற இரண்டு சொல் வீணா? அவள் கையால் விட்டதை நாம் எடுத்து அவள் பெயரில் மாட்டினால், அது மாலையா? அவள் சொன்னதை அழிக்கும் அழிப்பான் இல்லையா? அவள் தோற்றாள். ஐயா, சத்தமாகச் சொல்கிறேன், என் தங்கை தோற்றாள். அந்தத் தோல்வி அவள் சம்பாதித்தது. அதை அவளிடமிருந்து எடுக்காதீர்கள். எங்களிடம் மிச்சமிருப்பதே அதுதான்.

நெட்டை, உன்னிடம் கேட்கிறேன். அன்று அத்தனை குழியிலும் ஒழுங்காக ஆடி, விதிப்படி வென்றவள் நீ. கோப்பையை ஏன் சுவர்ப் பக்கம் திருப்பிவைக்க வேண்டும்? பலகையில் உன் பெயர் அப்படியே இருக்கட்டும். மேசைமேல் இருக்கும் இந்தக் கோப்பை உன் துணிப்பைக்கே திரும்பட்டும்.

அழாதே. நீ அழுதால் எனக்கு இந்த உரையை முடிக்க வராது.

அம்மா, ஊரறிய உங்களை எதிர்த்துப் பேசிவிட்டேன். மன்னிக்க வேண்டும் என்று... அம்மா, ஏன் எழுந்தீர்கள்? கிளம்புகிறீர்களா? கொஞ்சம் வழிவிடுங்கள், அம்மா மேடைப் பக்கம் வருகிறார். படியில் மெதுவாக அம்மா. நடுவர் அம்மையாரே, கொஞ்சம் கைகொடுங்கள்.

என்ன நடக்கிறது என்று பின்வரிசையினர் கேட்கிறீர்கள். சொல்கிறேன். அம்மா கோப்பையைப் பார்க்கவில்லை. அதைத் தாண்டிப் போய்விட்டார். மேடை ஓரத்துக்குப் போயிருக்கிறார். குடையை விரித்து, நெட்டையின் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நெட்டை எழப் பார்க்கிறாள். தோளை அழுத்தி உட்காரவைத்துவிட்டார்.

ஒலிபெருக்கி இல்லாமல் அம்மா சொன்னது உங்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது, சொல்லிவிடுகிறேன்.

"நான் இன்னும் சம்மதிக்கல. வெயில் அடிக்குது, அதான்."

போதும் அம்மா. இன்றைக்கு இது போதும்.

தலைவர் ஐயா, தீர்மானத்தைத் திரும்பப் பெறும்படி இந்தக் குடும்பத்தின் சார்பில் பணிவோடு வேண்டுகிறேன். இவ்வளவு நேரம் கேட்ட காதுகளுக்கு நன்றி. இறுதிச் சுற்று இன்னும் சற்று நேரத்தில் தொடங்கும். ஒரு வேனில் அடங்காத கூட்டமே, ஆட வரும் பெண்கள் வென்றால் தட்டுங்கள். எவளாவது ஒருத்தி நடுவில் நின்று கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிட்டால், இன்னும் பலமாகத் தட்டுங்கள். ஒலியைக் கூட்டச் சொன்னவள் ஒருத்தி இருந்தாள்.

அனைவருக்கும் என் வணக்கம்.