ஜிப்பு வெச்ச பைபிள்

— வாயத் தொற.

— தொறந்துக்கினுதான கீறேன்.

— நாக்கத் தூக்கு. இந்தப் பக்கம் காட்டு. கன்னத்துல இன்னாடா அது?

— ஒன்னுமில்லக்கா, பல்லு.

— பல்லு வெள்ளையா வட்டமாவா கீது? துப்பு. என் கையில துப்பு, ஜோ.

— த்தூ. போதுமா?

— போதும்பா. இன்னிக்கு ஒன்னு கையில கெடச்சுது. மீதியெல்லாம் நேத்து சர்ச்சுல கெடச்சுது.

— நேத்தா?

— என்னுது கிழிஞ்சு கெடக்குதுன்னு ஒன் பைபிள எடுத்துக்கினு போனேன் இல்ல. பாஸ்டர் வசனம் சொல்றாரு, நான் ஜிப்பத் தொறக்கறேன், பொலபொலன்னு கொட்டுது மாத்திரை. சேருக்கு அடியில எல்லாம் உருளுது. ரூத்தோட பாப்பா பெப்பர்மிண்ட்டுனு ஒன்ன எடுத்து வாய்கிட்ட கொண்டுபோய்டுச்சு. தட்டி வுட்டேன். அது வீல்னு அழுவுது, சபையே திரும்பி என்னப் பாக்குது.

— நேத்தே என்னக் கேட்டிருக்கலாமே.

— கேக்கணும்னுதான் வந்தேன். நீ தூங்கிக்கினு இருந்த. நீ தூங்கிப் பாத்து எத்தினி நாளாச்சு. எழுப்ப மனசு வர்ல.

— சரி, நீ ஷிஃப்டுக்குக் கெளம்புக்கா. பஸ்ஸு வந்துடும்.

— பஸ்ஸு இன்னும் இருங்காட்டுக்கோட்டையே தாண்டலியாம், பஸ்ஸுலேருந்து ஷாலின் மெசேஜ் போட்டுக்கீறா. நீ மாத்திரை போடாம நான் வாசப்படி தாண்ட மாட்டேன். இந்தா, வேற ஒன்னு பிரிச்சு வெச்சுக்கீறேன்.

— வேணாங்க்கா. நான் நல்லாதான கீறேன்.

— போன வருசமும் இதத்தான் சொன்ன. சொன்ன வாரமே கம்பெனில எமர்ஜென்சி பட்டன அமுக்கி மெஷின் லைனையே நிறுத்தின.

— யாருக்கோ கை மாட்டப் போவுதுன்னு எனக்கு அறிவிக்கப்பட்டுது.

— யாருக்காவது மாட்டிச்சா?

— நிறுத்தினதாலதான் மாட்டல.

— சரி, ஹைவேல டிரெய்லர் லாரி முன்னாடி கைய விரிச்சுக்கினு நின்னியே, அது? அந்த டிரைவரு பிரேக் போட்டு எறங்கி, ஒன்னத் திட்டக்கூட தெம்பில்லாம ரோட்லயே ஒக்காந்துட்டாரு. மறந்துட்டியா?

— மறக்கலக்கா. அப்ப அவசரப்பட்டுட்டேன். இப்ப உபவாச ஜெபத்துல ஒக்காந்து தெளிவாய்ட்டேன்.

— ஜீவானந்தம் பாஸ்டர் மாத்திரைய நிறுத்துன்னு சொன்னாரா?

— அவரு அப்டி சொல்லல. முழு மனசோட கர்த்தர நம்புன்னாரு. மாத்திரையும் போட்டுக்கினு அவரையும் நம்பினா, அது பாதி மனசுதானக்கா?

— சர்ச்சுக்கு ஸ்கூட்டில போறப்போ நான் ஜெபம் பண்ணிக்கினுதான் போறேன். ஹெல்மெட்டும் போட்டுக்கறேன். அது பாதி மனசா?

— அது வேற.

— ஒரு வேறயும் இல்ல. சோத்துக்கு முன்னாடி ஜெபம் பண்றோமில்ல, அதே மாதிரி இதையும் கையில வெச்சு ஜெபம் பண்ணிட்டு முழுங்கு. டாக்டரம்மாவும் அதத்தான சொன்னாங்க, ஜெபத்துக்கும் போப்பா, மாத்திரையும் போடுப்பான்னு. அவங்களே நெத்தி நெறைய விபூதி பூசுறவங்க.

— போட்டா கை நடுங்குதுக்கா. எச்சி வழியுது. ஸ்பூன் புடிச்சா சோறு கொட்டுது.

— தெரியும்டா. நான்தான தொடைக்கறேன். அடுத்த வாட்டி நானே லீவு போட்டுட்டு வந்து, வேற மாத்திரை மாத்தித் தரச் சொல்லிக் கேக்கறேன்.

— லீவு எங்க குடுப்பாங்க ஒனக்கு? வயித்து வலின்னு சொல்லிப் பாரு. எல்லாரும் அப்டித்தான் சொல்றாங்க.

— பொய் சொன்ன வாயோட ஞாயித்துக்கெழம சர்ச்சுல ராப்போசன அப்பத்த எடுக்கச் சொல்றியா? தம்பிக்கு மனசு சரியில்ல, ஆஸ்பத்திரிக்குப் போவணும்னு உள்ளதச் சொல்லுவேன். குடுத்தா குடுக்கட்டும், இல்லன்னா சம்பளத்துல புடிச்சுக்கட்டும்.

— கை நடுங்கறது மட்டும் இல்லக்கா.

— வேற இன்னா?

— அது போட்டா அவரு பேசமாட்டேங்கறாரு.

— யாரு, கர்த்தரா?

— ம். காலைல எழுந்தா வூடு காலியா கீது. நான் கூப்ட்டுக்கினே கீறேன், பதிலே இல்ல. நீயும் ஷிஃப்டுக்குப் போய்டுவ. அவரும் இல்லன்னா நான் யாரோட இருப்பேன், சொல்லு?

— இப்டி வா. பக்கத்துல ஒக்காரு. ஒன்னு சொல்றேன், சர்ச்சுல யார்கிட்டயும் சொல்லிக்காத. எங்கிட்ட அவரு ஒரு வார்த்த பேசினதில்லடா.

— ஒரு தபா கூடவா?

— ஒரு தபா கூட இல்ல. அம்மா செத்தப்போ கேட்டேன். ஒனக்கு இப்டி ஆனப்போ மொட்டமாடில போய் சத்தம் போட்டே கேட்டேன். எதுர் வூட்டு நாய்தான் கொலச்சுது.

— அப்றம் எப்டிக்கா தெனமும் முட்டி போடற?

— பழக்கமோ, நம்பிக்கையோ, இன்னாவோ. பதில் வராத எடத்துலதான்டா இத்தினி வருசமா பேசிக்கினு கீறேன். நீயும் கொஞ்ச நாளு அப்டி இருந்து பாரு. கஷ்டந்தான். ரெண்டு பேரா இருந்தா கொஞ்சம் தாங்கலாம்.

— அந்தக் கொரலு எப்டி இருக்கும்னு ஒனக்குத் தெரியாதுக்கா. மாத்திரைய நிறுத்தினதுல மறுபடி லேசா கேக்க ஆரம்பிச்சுக்கீது. பக்கத்து வூட்ல டிவி ஓடற மாதிரி.

— இன்னா சொல்லுது?

— ‘மாத்திரை வேணாம் ராசா’ன்னு சொல்லுது.

— ராசாவா?

— ம்.

— ஒன்ன ராசான்னு கூப்ட்டது ஒரே ஒரு ஆளுதான்.

— ஆமாக்கா. அவரு அம்மா கொரல்லதான் எங்கிட்ட பேசறாரு.

— இத ஏன்டா டாக்டரம்மாகிட்ட சொல்லல?

— சொன்னா அதுக்கும் ஒரு மாத்திரை எழுதிடுவாங்க. நீயே சொல்லு. அம்மா கொரல நான் எப்டிக்கா தண்ணி ஊத்தி முழுங்குவேன்? ரெண்டாந்தபா அதச் சாவடிக்கற மாதிரி இல்லியா?

— யப்பா. எனக்கு முடியலடா. நெசமாவே முடியல.

— அம்மாவும்தான மாத்திரைய நிறுத்திச்சு. விசுவாசத்தோட போச்சுன்னு அடக்கத்துல பாஸ்டர் சொல்லலியா?

— அவரு ஆறுதலுக்கு சொன்னாரு. சக்கரை மாத்திரைய நிறுத்தி, கால் புண்ணு அழுவி, கடசில ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடினோம். நடந்தது அதான். இன்னொன்னும் நடந்துது. அது ஒனக்குத் தெரியாது.

— இன்னா அது?

— நீ அப்ப வாலாஜாபாத்ல ஹாஸ்டல்ல இருந்த. நீ வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. ஆஸ்பத்திரி கட்டில்ல அம்மா என் கையப் புடிச்சுக்கினு சொல்லிச்சு.

— இன்னா சொல்லிச்சு?

— ‘நான் தப்பு பண்ணிட்டேன் லிசா, மாத்திரைய வுட்டிருக்கக் கூடாது. ஜோவ என்ன மாதிரி வுட்றாத’ன்னு சொல்லிச்சு.

— அம்மாவா?

— அம்மாதான்.

— வாயாலயா?

— வாயாலதான். வேற எதால சொல்லுவாங்க?

— பைபிள் மேல கை வெச்சு சொல்லுக்கா.

— நாம சத்தியம் பண்ணக்கூடாதுன்னு வேதத்துலயே கீதுடா.

— தெரியும். வெச்சு சொல்லு, போட்டுக்கறேன்.

— இந்தா, வெச்சுட்டேன். பாத்துக்கோ. அம்மா சொல்லிச்சு. சத்தியமா சொல்லிச்சு.

— கை வெச்சுட்டு ஏன்க்கா வாசலப் பாக்கற?

— பஸ்ஸு வந்துடுச்சு, ஹாரன் அடிக்கறான். போடு ஜோ.

— அம்மா சாவறதுக்கு முன்னாடி நாளே நான் வந்துட்டேன்க்கா.

— எங்க?

— ஆஸ்பத்திரிக்கு. நீ கீழ மருந்து வாங்கற க்யூல நின்னுக்கினு இருந்த. நர்சம்மா என்ன உள்ள வுட்டாங்க. அம்மா தொண்டைல டியூபு. கொண்டாந்ததுலேருந்து கண்ணே தொறக்கல, ஒரு வார்த்த பேசலன்னு அவங்கதான் சொன்னாங்க. பயந்துபோய் படிக்கட்டுல ஒக்காந்துக்கினேன். ஒங்கிட்ட சொல்லவே இல்ல.

— ஜோ, நான் வந்து…

— கை வெக்கச் சொன்னா நீ உள்ளதச் சொல்லிடுவன்னு நெனச்சேன். ஞாயித்துக்கெழம எப்டிக்கா ராப்போசனம் எடுப்ப?

— எடுக்க மாட்டேன். பின்னால சேர்ல ஒக்காந்துட்டு வந்துடுவேன். நீ முழுங்குடா.

— மொதல்ல பைபிள் மேலேருந்து கைய எடுக்கா. தண்ணி குடு, போட்டுக்கறேன்.