எக்சிட் நாற்பத்துமூன்றுக்கு ஒரு பெயர்

— போடமாட்டேன்னா போடமாட்டேன், வெண்டல். அந்தப் பேனாவ மூடி வைங்க, மை காய்ஞ்சிரும்.

— மூணு வருஷமா சட்டசபைப் படி ஏறி எறங்கி எனக்கு முட்டி தேஞ்சு போச்சு, டார்லா. திங்கக்கிழமை கமிட்டி. ராய்ஸ் பொண்டாட்டி உன் கையெழுத்து இல்லாம மசோதாவத் தொடவே மாட்டாங்களாம்.

— போன வருஷமும் இதைத்தான் சொன்னீங்க.

— போன வருஷம், மாநிலப் பறவை மாதிரி, மாநிலத் தவளை எதுன்னு முடிவு பண்றதுக்கே அவங்களுக்கு நேரம் சரியாப் போச்சு. தவளைக்கு அடுத்தபடியா வரிசையில நின்னது நம்ம ராய்ஸ்தான்.

— தவளை ஜெயிச்சுதா?

— ஜெயிச்சுது. எதிர்த்து ஒரே ஒரு ஓட்டு. இங்க பாரு, உன் புருஷன் இருபத்திரெண்டு வருஷம் அந்த ரோட்டுக் குழிக்கெல்லாம் ஒட்டுப் போட்டான். உயிர விட்டதும் அங்கதான். ஹைவேய விட்டு எறங்குற அந்த எடம் எக்சிட் நாப்பத்திமூணுன்னு வெறும் நம்பராக் கெடக்கு. பச்சைப் பலகை, வெள்ளை எழுத்து, ‘ராய்ஸ் டாக்கெட் மேம்பாலச் சந்திப்பு’. நினைச்சுப் பாரு.

— நினைச்சுப் பார்த்துட்டுத்தான் சொல்றேன். காலையில ஏழு மணிக்கு ரேடியோவப் போடுவேன். ‘ராய்ஸ் டாக்கெட்ல டேங்கர் லாரி கவுந்து கெடக்கு.’ மறுநாள், ‘ராய்ஸ் டாக்கெட்ல ரெண்டு பேர் பலி.’ அதுக்கு மறுநாள், ‘ராய்ஸ் டாக்கெட் பக்கம் யாரும் போகாதீங்க, சுத்திப் போங்க.’ நான் கிளினிக்குக்குத் தினம் அந்த வழியாத்தான் போகணும்.

— அதை நான் யோசிக்கவே இல்ல.

— நீங்க பலகைய மட்டும்தான் யோசிப்பீங்க. பூங்காவுல ஒரு பெஞ்சு போடுங்களேன். உக்கார்ந்துக்கலாம், யாரும் மோதிச் சாக மாட்டாங்க.

— பெஞ்சுக்குச் சட்டம் வேணாம். யார் வேணா போடலாம். நாளைக்கே எவனாவது புடுங்கவும் புடுங்கலாம். இது சட்டம். நீயும் நானும் போன பிறகும் மேப்புல நிக்கும்.

— பெப்பரோனி ரொட்டி ஆறிடப் போகுது. எடுத்துக்குங்க.

— ரொட்டியக் குடுத்து வாய அடைக்கப் பார்க்கிற.

— அடைச்சாலும் நீங்க அடங்குவீங்களா? சரி, அப்படி என்னதான் எழுதியிருக்காங்க அதுல? படிங்க. என் கண்ணாடி காருல இருக்கு.

— கேளு. “ராய்ஸ் டாக்கெட் இம்மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்பதாலும்...”

— அது என்ன என்பதாலும்?

— சட்டம் அப்படித்தான் பேசும், தாயி. என்பதாலும் என்பதாலும்னு மூச்சு விடாமப் போகும், கடைசியில ஒரு ‘ஆகவே’ வரும். அந்த ஆகவேயிலதான் பேரு வெப்பாங்க. “இருபத்திரண்டு ஆண்டுகள் சாலைப் பணியாளராக உழைத்தவர் என்பதாலும், கடும் பனியிலும் பள்ளிப் பேருந்துகளுக்கு வழி திறந்துவிட்டவர் என்பதாலும்...”

— அது உண்மை. நாலு மணிக்கே எந்திரிச்சுப் போயிருவாரு. பூட்ஸ் சத்தத்துல என் தூக்கமும் போகும்.

— “ஆகவே, இச்சட்டசபை...”

— நில்லுங்க. கண்ணாடி இல்லாட்டியும் எனக்கு எண்ணத் தெரியும். அதுல அஞ்சு பத்தி இருக்கு. மூணு படிச்சுட்டு ஆகவேக்குத் தாவிட்டீங்க.

— அது விபத்தப் பத்தி. உன் மனசு கஷ்டப்படுமேன்னு...

— படிங்க, வெண்டல்.

— “சாலைத் தடுப்புக் கோன்களை அகற்றிக்கொண்டிருந்தபோது, பின்னால் விதிப்படி நிறுத்தப்பட்டிருந்த பாதுகாப்பு லாரியை விலகிக் கடந்து வந்த கார் மோதி உயிர்நீத்தவர் என்பதாலும்.”

— இதுல என்ன இருக்கு? பதினோரு வருஷமா ஊரே சொல்றதுதான?

— ஊர் சொல்றது நான் சொன்னத, டார்லா.

— ரொட்டிய ஏன் கீழ வெச்சுட்டீங்க?

— கடைசிக் கோன் வண்டியில ஏறுற வரைக்கும் பின்னாடி நிக்கிற லாரிய அசைக்கக் கூடாது. எவனாவது தூங்கிக்கிட்டே வந்து இடிச்சா, இடிய அதுதான் வாங்கணும், ஆளு வாங்கக் கூடாது. புதுசா வேலைக்கு வர்றவனுக்கு முத நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்போம்.

— தெரியும். ராய்ஸ் தூக்கத்துலகூட அதைச் சொல்வாரு.

— அந்த லாரி அங்க இல்ல. நான் எடுத்துட்டேன். பன்னெண்டு கோன்தான் பாக்கி. கால் மைல் முன்னாடி போய் நிறுத்திட்டுப் பின்கண்ணாடியில பார்க்கிறேன், அந்தக் கார் நேரா வருது. அப்புறம் என்ன, ரிவர்ஸ்ல ஓட்டிட்டு வந்து பழைய எடத்துலயே நிறுத்தினேன். போலீஸ் வந்தப்ப லாரி விதிப்படி நின்னுச்சு. கார்க்காரனும் பிழைக்கல. இல்லேன்னு சொல்ல ஆளில்ல.

— லாரிய எடுக்கச் சொன்னது யாரு?

— யாரு சொன்னா என்ன? ஃபோர்மேன் நான்.

— கேக்கிறேன்ல.

— ராய்ஸ்தான். ‘போ, போ’ன்னு கையாட்டினான். அப்படி அவசரப்பட்டு நான் அவனப் பார்த்ததே இல்ல. ஒரு கையில ஃபோன காதோட வெச்சு அழுத்திக்கிட்டிருந்தான். ஆஃபீஸ்லருந்து எவனோ விரட்டுறான்னு நினைச்சேன். விரட்டினா என்ன, நான் நின்னிருக்கணும்.

— இத்தன வருஷம் யார்கிட்டயும் சொல்லல.

— செத்தவன் மேல பழி போட மனசு வரல. என் மேல போட்டுக்கத் தைரியம் வரல. பலகைக்கு அலைஞ்சா கொஞ்சம் தூங்கலாம்னு பார்த்தேன். தூக்கமும் வரல. திங்கக்கிழமை அந்தப் பத்திய அடிச்சு எடுத்துடச் சொல்லப்போறேன். ஏன்னு கேப்பாங்க. சொல்லிருவேன். நீ கையெழுத்துப் போட வேணாம். நான் வர்றேன்.

— உக்காருங்க. பேனாவக் குடுங்க.

— இதைக் கேட்ட பிறகா?

— அந்தப் பத்திய நீங்களே அடிங்க, இப்பவே. ம். எந்த எடத்துல போடணும்?

— இந்தக் கோட்டு மேல. டார்லா, என்னத் திட்டக்கூடவா தோணல உனக்கு?

— ஃபோன்ல இருந்தது ஆஃபீஸ் இல்ல, வெண்டல். நான்தான். அக்கா வர்றதுக்குள்ள சோபாவ நகர்த்தணும், என்ன பெரிய கோனு, போட்டது போட்டபடி கெளம்பி வாங்கன்னு கத்திக்கிட்டிருந்தேன்.