கடல்நாயின் துடுப்பும் மனிதக் கையும்

மேடையில் அமர்ந்திருக்கும் கல்லூரி முதல்வர் அவர்களே, விலங்கியல் துறைத் தோழர்களே, பாடம் நின்றுபோன வகுப்பிலிருந்து எழுந்து வந்திருக்கும் மாணவச் செல்வங்களே! கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

பேராசிரியர் முனைவர் சண்முகப்பிரியா மறைந்துவிட்டார்.

கடலைப் பார்க்காத நம் அரியலூரில் உட்கார்ந்துகொண்டு, சீல் எனப்படும் கடல்நாய்களை ஆராய்ந்தவர் அவர். காதுமடல் உள்ளவை ஒரு குடும்பம், காதுமடல் இல்லாதவை இன்னொன்று, தந்தம் நீண்ட வால்ரஸ் தனிக் குடும்பம் என்று வகைப்படுத்திச் சொல்வார். பெயரில் நாய் இருப்பதால் அது நாய்க் குடும்பமா? இல்லை! ஆனால் நாய், கரடி, கடல்நாய் எல்லாம் ஊனுண்ணிகள் என்ற ஒரே வரிசை. கடல்நாய்த் துடுப்பின் எக்ஸ்ரேயைக் காட்டி, "இது யாரு கை?" என்பார். வகுப்பே, "மனுசக் கை மேடம்" என்று ஏமாறும். துடுப்பின் தோலுக்குள் ஐந்து விரல்கள்!

நான்கு ஆண்டுகளுக்கு முன் விக்கிரமங்கலம் பக்கம் ஒரு வெடிக் கொட்டகை எரிந்தது. அங்கே வேலை பார்த்த சசிகலாவின் உடல் கிடைக்கவில்லை. காவலுக்கு வைத்திருந்த நாய்களும் கருகிப்போனதால், எலும்புகளைப் பிரித்துச் சொல்ல நம் பேராசிரியரைக் காவல்துறையினர் அழைத்தார்கள். உதவிக்கு நானும் போனேன். 'சசிகலாவின் கை' என்று வெள்ளைத் துணியில் ஒரு பொட்டலம் தயாராக இருந்தது. பிரித்து, எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். அது நாயின் முன்னங்கால்.

"அந்தப் பொண்ணோட அம்மா வெளியில காத்திருக்காங்க. ஏதோ ஒண்ணு கெடைச்சுதுன்னு அடக்கம் பண்ணிட்டுப் போகட்டும் மேடம்" என்றார் அதிகாரி.

"நாயக் குடுத்து மகள்னு சொல்ல என்னால முடியாதுங்க சார்."

தாய் வீரம்மாளிடம் அவரே போய்ச் சொன்னார். அந்தத் தாய் அழவில்லை. "எம் பொண்ணு இல்லன்னா, அவ எங்கங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி பேராசிரியரை விடவே இல்லை! வகுப்பில் எக்ஸ்ரேயைக் கையில் எடுத்துவிட்டு, "இது யாரு கை?" என்று கேட்காமலே திரும்ப வைத்துவிடுவார். ஓய்வறையில் தன் விரல்களையே மடக்கி மடக்கிப் பார்ப்பார். அனுமதி வாங்கிக் கொட்டகைச் சாம்பலைச் சலிக்கத் தொடங்கினார். கடைசியில் இரண்டு விரல் எலும்புகள் கிடைத்தன. மனித எலும்புகள்! ஆனால் மிகவும் கருகியிருந்ததால் யாருடையவை என்று ஆய்வகத்தால் சொல்ல முடியவில்லை.

உரிய உத்தரவு பெற்று, அவற்றை எடுத்துக்கொண்டு வீரம்மாளின் ஊரான குன்னத்துக்குப் போனோம்.

"மனுச விரலுங்கம்மா. உங்க பொண்ணுதான்னு என்னால சொல்ல முடியல. இல்லன்னும் சொல்ல முடியல."

வீரம்மாள் முந்தானையை விரித்தார். "யாரு புள்ளையா இருந்தா என்னங்க? அடக்கம் பண்ண ஒரு ஆத்தா வேணாமா? குடுங்க."

மக்காச்சோளக் காட்டின் ஓரத்தில் அடக்கம் நடந்தது. அதற்குப் பிறகாவது பேராசிரியருக்கு அமைதி வந்ததா? இல்லை, தோழர்களே, இல்லை! போன வாரம் மருத்துவமனையில், மூச்சு முட்டும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கெழக்கு மூலையில கொஞ்சம் சாம்பல் மிச்சம் இருக்கு சார். சலிக்காம விட்டுட்டேன்."

அம்மையீர்! கடல்நாய்களைப் பற்றித் தமிழில் நீங்கள் எழுதிவந்த நூலில் வால்ரஸ் அத்தியாயம் மட்டும் பாக்கி. அதை நாங்கள் எழுதி முடிப்போம். திங்கட்கிழமை காலை நம் துறை முழுவதும் அந்தக் கிழக்கு மூலைக்குப் போகிறது. கூட்டம் தொடங்கும் முன், கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் வீரம்மாளிடம் இதைச் சொன்னேன்.

"நானும் வரேங்க" என்றார். "சல்லடை எங்கிட்டயே இருக்கு."