ஆறாவது தூக்குச்சட்டி

மணி பன்னெண்டு. ராத்திரி இல்ல... பட்டப்பகல் பன்னெண்டு.

ஏத்தா, சிரிக்காத. பேய்னா ராத்திரிதான் வரணும்னு எவன் சொன்னான் ஒனக்கு? கரண்ட் வர்ற வரைக்கும் பிரஸ்ஸுல மிஷினு ஓடாது. காலண்டர் கட்ட அப்படியே கீழ வைங்க. செல்லு லைட்ட எல்லாரும் அமத்துங்க. கிட்டக்க வந்து உக்காருங்க. இது எங்க மதினியோட சின்னம்மா மக பொன்மணிக்கு நடந்தது. போன பங்குனியில. அவ வாயாலயே எங்க மதினிகிட்டச் சொல்லி அழுதது.

வெம்பக்கோட்டையத் தாண்டி ஏழாயிரம்பண்ணை போற வழியில கெளைரோடு ஒண்ணு பிரியும். ரெண்டு பக்கமும் கரிசக்காடு, பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். அதுக்கங்கிட்டு சீமக்கருவேல... ஒரு காக்கா குருவி சத்தம் கேக்காது. அந்த உச்சி வெயில்ல பொன்மணி ஒத்தையா நடந்து போறா. தாரு இளகி செருப்புல ஒட்டுது. கையில செல்லு. மூஞ்சியில அம்புட்டு ஆங்காரம். எதுத்தாப்புல எவனாச்சும் வந்திருந்தா கடிச்சே போட்டிருப்பா.

எதுக்கு ஆங்காரம்? சொல்றேன்.

அந்த ரோட்டு முடிவுல ஒரு வெடி கம்பெனி இருந்துச்சு. பேரு வேண்டாம். இப்ப வெறும் செவருதான் நிக்கிது. மூணு வருசத்துக்கு முந்தி அங்கன ஒரு ரூம்பு மருந்தோட வெடிச்சுப் போச்சு. பொன்மணியோட கூடப்பொறந்த அக்கா வேல்விழி அதுலதான் செத்தா. ஆனா கம்பெனிக்காரன் அவ சாகலன்னுட்டான்.

நாம எல்லாம் அந்தப் பொழப்பு பார்த்தவகதான. ரூம்பு செவத்துல மஞ்சப் பெயிண்டுல எழுதியிருக்கும்ல, ‘ஆட்கள் 4’ன்னு. அதுக்கு மேல ஒரு ஆளு உள்ள உக்காரக் கூடாது. சீசன் வந்துட்டா எவன் பார்க்கான்? ஆறு பேர உக்கார வச்சிருவான். தூரத்துல ஆபீசர் ஜீப்போட புழுதி தெரிஞ்சா, ஃபோர்மேன் அய்யாதுரை விசில் அடிப்பான். ஒடனே அஞ்சாவது ஆளும் ஆறாவது ஆளும் பொறவாசல் வழியா ஓடிப்போயி கருவக்காட்டுக்குள்ள ஒளிஞ்சுக்கிறணும். ஓடும்போது அவகவக சோறு கொண்டாந்த தூக்குச்சட்டியையும் தூக்கிட்டு ஓடணும். ஏன்னா வர்றவரு ஆள எண்ணமாட்டாரு, மூலையில இருக்க சட்டிய எண்ணுவாரு. நாலு பேருக்கு எதுக்கு ஆறு சட்டின்னு கேட்டுட்டார்னா முடிஞ்சது சோலி.

அஞ்சாவது ஆளு வேல்விழி. ஆறாவது ஆளு... நம்ம பொன்மணி.

அன்னைக்கும் இதே பன்னெண்டு மணிதான். வேல்விழிக்குக் காலையில இருந்து மண்டையிடி. பொன்மணிதான் நெத்தியில தைலம் தேச்சுவிட்டா. விசில் கேட்டுச்சு. ரெண்டு பேரும் விழுந்தடிச்சு ஓடுனாக. கருவக்காட்டுல உக்காந்து மூச்சு வாங்கும்போது அக்கா கேக்கா, "ஏடி, ஒன் சட்டிய எங்க?"

பொன்மணி கையில ஒண்ணும் இல்ல. பயத்துல அங்கனயே விட்டுட்டு வந்துட்டா.

"இரு, நான் எடுத்தாறேன்"னு வேல்விழி திரும்பி ஓடுனா...

அம்புட்டுதான். அப்புறம் ஒரு வெளிச்சம். காதுக்குள்ள ஙொய்ய்ய்னு ஒரு சத்தம். பொன்மணிக்கு ரெண்டு நாளைக்கு வேற ஒண்ணுமே கேக்கல.

அன்னைக்கு ஜீப்பும் வரல, ஒரு எளவும் வரல. லோடு வேன் கெளப்புன புழுதியப் பார்த்துட்டு விசில் அடிச்சிருக்கான் அந்தக் கட்டையில போறவன்.

உள்ள எத்தன பேருன்னு போலீஸ்காரரு கேட்டதுக்கு, "நாலு பேருதான்யா"ன்னான் அய்யாதுரை. "வேல்விழியா? அவ மண்டையிடிக்குன்னு காலையிலயே கெளம்பிப் போயிட்டாளே. நாந்தான் கேட்டத் தெறந்துவிட்டேன்"னான். எப்படிப் பொய்யி பாருங்க! அப்புறம் பொன்மணியத் தனியாக் கூப்பிட்டு, "நீ உள்ள இருந்தேன்னு வாயத் தெறந்தா, ஒன் கை பட்டுத்தான் வெடிச்சதுன்னு எழுதிருவாக. நீயும் உள்ள போயிட்டா ஒங்கக்கா மகள எவ வளப்பா?"ன்னான். பொன்மணி வாயத் தெறக்கல. வேல்விழி எவன்கூடயோ ஓடிப்போயிட்டாளாம்னு ஊரு பேசுச்சு. கட்டுனவன் அதையே சாக்கா வச்சு வேற ஒருத்தியக் கட்டிக்கிட்டுத் திருப்பூருக்குப் போயிட்டான். அதையெல்லாம் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தா.

இந்த நெலமையிலதான் செல்லுல வந்துச்சு அந்த எளவெடுத்த வீடியோ. ‘ஓடிப்போனவ டைரி’.

ஒருத்தி துண்டால மூஞ்சிய மூடியிருப்பா. கண்ணு மட்டும் தெரியும். "வணக்கம் மக்களே, நாந்தான் வேல்விழி. நான் செத்துட்டேன்னு சிலபேர் நெனைக்கீக. நான் சாகல. ஒரு எடத்துல ஒளிஞ்சிருக்கேன்." இப்படி ஆரம்பிப்பா. இன்னைக்கு என்ன சமைச்சேன், யாருக்குப் பயந்து ஓடுனேன், என் மகள நெனச்சா எப்படி இருக்கு... எல்லாம் அவளே செல்லப் பிடிச்சுக்கிட்டுப் பேசுற கணக்கா இருக்கும். நாடகம்னு ஒரு எழுத்து போடல. லட்சம் பேரு பார்த்தான். "பார்த்தியா, நான் அன்னைக்கே சொன்னேன்ல, அவ ஓடுகாலின்னு" அப்படின்னு டீக்கடையில நின்னு பேசுனானுவ, வெக்கங்கெட்டவனுவ.

ஊரு நம்புனா நம்பிட்டுப் போகட்டும். வேல்விழி மக ஹர்ஷினி இருக்கால்ல, பத்து வயசு, அஞ்சாப்பு படிக்கா. அவளும் நம்பிட்டா.

ஒருநா பொன்மணி தன் செல்ல நோண்டிக்கிட்டு இருக்கும்போது பார்க்கா... அந்த வீடியோ ஒவ்வொண்ணுக்கும் கீழ, அவ செல்லுல இருந்தே கமெண்டு போயிருக்கு. "அம்மா எப்ப வருவ." "அம்மா நான் பாஸ் ஆயிட்டேன்." "அம்மா நீ குடுத்த பாவாட சின்னதாப் போச்சு." பிள்ளை உக்காந்து ஒவ்வொரு எழுத்தாத் தடவித் தடவி அடிச்சிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் கீழ... செவப்பா ஒரு ஹார்ட்டு.

பொன்மணிக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. கடைசி வீடியோவ நிறுத்தி நிறுத்திப் பார்த்தா. அந்தத் துண்டுக்காரிக்குப் பின்னால கருகுன செவரு. அதுல பாதி அழிஞ்ச மஞ்ச எழுத்து. ‘ஆட்கள் 4’.

கீழ, ‘நாளைக்கு மத்தியானம் இங்கனயே லைவ்’னு போட்டிருந்தான். எந்த எடம்னு அவளுக்கு யாரும் சொல்லணுமா?

அப்படித்தான் அந்த உச்சி வெயில்ல நடந்தா. கேட்டுல அதே அய்யாதுரைதான், இப்ப வாட்ச்மேன். "ஏய், எங்க போற?"ன்னு மறிச்சான். ஒரே தள்ளு. மல்லாக்க விழுந்தவன் எந்திரிக்கதுக்குள்ள உள்ள போயிட்டா.

மேல கூரை இல்லாத அந்த ரூம்புக்குள்ள ஸ்டாண்டுல செல்ல மாட்டிக்கிட்டு ஒரு பய நிக்கான். மாரிக்கண்ணன்னு பேரு, விருதுநகர்க்காரன். எதுத்தாப்புல துண்டக் கட்டிக்கிட்டு ஒரு பிள்ளை.

"ஏலே! எங்கக்கா பேர வச்சு எவளலே நடிக்க விட்டுருக்க?"

"அக்கா... அக்கா, கோவப்படாதீக. இது ஒரு கதைக்கா. சீரிசு. நெசம் மாதிரி எடுத்தாத்தான் சனம் பார்க்கும்."

"நெசம் மாதிரியா? நெசம் என்னன்னு நான் சொல்லட்டுமாலே? இந்தா, நீ செருப்புக் காலோட நிக்கியே, இங்கனதான் எங்கக்கா கெடந்தா. நாலு சாக்குல அஞ்சு பேர அள்ளிட்டுப் போனானுவ! பத்து வயசுப் பிள்ளை ‘அம்மா எப்ப வருவ’ன்னு கேக்குது, நீ ஹார்ட்டு போடுத! ஒன்னயப் பெத்தவ வயித்துல என்னத்தலே செமந்தா?"

அவன் முழிக்கான். "என்ன ஹார்ட்டு? சத்தியமா நான் போடலக்கா. எல்லாக் கமெண்டையும் நாந்தான் பார்க்கேன். அப்படி ஒரு பிள்ளை கமெண்டே வரல."

விட்டா பாரு ஒரு அறை. அவன் மூக்குக் கண்ணாடி தெறிச்சுப் போயி விழுந்துச்சு. அம்புட்டும் பொய்யினு நெனச்சுட்டா.

அந்தப் பிள்ளை துண்ட அவுத்து எறிஞ்சுட்டு அழுகுது. "எனக்குத் தெரியாதுக்கா. கற்பனைக் கதைன்னுதான் சொன்னாரு. எம் பேரு மஹ்ரீன், காலேஜுல படிக்கேன். நானே மூஞ்சியக் காட்டிச் சொல்லிர்றேன், நான் அவுக இல்லன்னு."

அறை வாங்குன பயலுக்கு அப்பவும் புத்தி எங்க போகுது பாருங்க. "பன்னெண்டு பத்துக்கு லைவ் இருக்கு. அதுல சொல்லட்டும். அக்கா, நீங்களும் சேர்ந்து நில்லுங்க"ங்கான். கன்னத்தத் தடவிக்கிட்டே செல்ல நேராக்குறான். ஹர்ஷினி பக்கத்து வீட்டுச் செல்லுலயாவது பார்ப்பாளேன்னு அந்த ஒரே காரணத்துக்காகப் பொன்மணி நின்னா.

லைவ் ஓடுது. மஹ்ரீன் சொல்லிட்டா. அடுத்து பொன்மணி. மூணு வருசமா அடச்சுக் கெடந்தது பிச்சுக்கிட்டு வந்துச்சு.

"எம் பேரு பொன்மணி. இந்த ரூம்புல நாலு பேரு இல்ல, ஆறு பேரு. அஞ்சாவது ஆளு எங்கக்கா வேல்விழி. ஆறாவது ஆளு நான். எங்கக்கா ஓடல. இங்கனதான் செத்தா. அய்யாதுரை சொன்னது பொய்யி. அதக் கேட்டுட்டு நான் சும்மா இருந்தேன் பாரு, அது அதவிடப் பெரிய பொய்யி. ஹர்ஷினி... அம்மா வரமாட்டா தாயி."

எல்லாத்தையும் சொன்னா. சட்டி விசயத்த மட்டும் சொல்லல. தொண்ட வரைக்கும் வந்துச்சு... முழுங்கிட்டா. அன்னைய வரைக்கும் அது அவளுக்கும் அக்காவுக்கும் மட்டும் தெரிஞ்சது. அவ அம்மாகிட்டக்கூடச் சொன்னதில்ல.

அப்பத்தான் கேட்டுச்சு.

விசில்.

நீளமா... ஒரே மூச்சுல.

பொன்மணி காலு தானா பொறவாசலப் பார்த்துத் திரும்பிருச்சு. பழக்கம். ரெண்டு எட்டு வச்சுட்டா... அப்புறம் செவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா. "ஓடமாட்டேன்"னு வாய்விட்டுச் சொன்னா. "இந்தத் தடவ ஓடமாட்டேன்."

காத்து நின்னு போச்சு. மருந்து வாடை இல்ல, கருகுன வாடை இல்ல... தைல வாடை. நெத்தியில இப்பத்தான் தேச்சுவிட்ட மாதிரி.

மாரிக்கண்ணன் செல்லையே பார்த்துக்கிட்டு நிக்கான். வாயி கோணிப் போச்சு. போட்டா எடுக்கும்போது மூஞ்சியச் சுத்தி மஞ்சளா ஒரு கட்டம் விழும்ல? மஹ்ரீன் மூஞ்சியில ஒண்ணு. பொன்மணி மூஞ்சியில ஒண்ணு. பொறவாசல் நெலையில... மூணாவது கட்டம்.

நெலையில ஆளில்ல. வெறும் வெயிலு.

அந்தக் கட்டம் மெல்ல உள்ள வந்துச்சு. பொன்மணி தோளுக்குப் பின்னால போச்சு. மூலைக்குப் போச்சு. அப்படியே கீழ எறங்குச்சு... ஒரு ஆளு குனிஞ்சு எதையோ எடுத்தா எப்படியோ, அப்படி. கிணிங்னு தூக்குச்சட்டி பிடி ஒண்ணு தட்டுன சத்தம். கட்டம் மேல ஏறுச்சு. பொறவாசல் வழியா வெளிய போயிருச்சு.

மாரிக்கண்ணன் ஸ்டாண்டோட செல்லப் போட்டுட்டு ஓடுனவன்தான். அன்னைக்குச் சாயங்காலமே அந்தச் சேனல மொத்தமா அழிச்சுட்டான். அய்யாதுரை கேட்டுல வேர்த்து ஒழுக உக்காந்திருந்தானாம். "நான் அடிக்கல... எங்கிட்ட விசிலே இல்ல"ன்னு யாரும் கேக்காமலே சொன்னானாம்.

சரி, ஊருக்கு உண்ம தெரிஞ்சிருச்சுன்னு நெனைக்கீகளா? வயித்தெரிச்சல் அதுதான். எவனோ லைவ வெட்டி எடுத்து வேற எடத்துல போட்டுட்டான். கீழ கமெண்டப் பாருங்க. ‘அந்தத் தங்கச்சி நடிப்பு வேற லெவல்.’ ‘அழுகைக்கே அவார்டு குடுக்கலாம்.’ ‘அடுத்த எபிசோடு எப்ப?’ பொய்யச் சொன்னப்ப நெசம்னு நம்புன பயலுக, நெசத்தச் சொன்னா நடிப்புங்கான்! அய்யாதுரை மறுநாளே தெம்பாயிட்டான். "அதான் எல்லாம் நாடகம்னு நடிச்ச பிள்ளையே சொல்லிருச்சே"ன்னு வெத்தல போட்டுக்கிட்டுத் திரியுறான். இன்னைக்கும் திரியுறான். அவன் வாயில மண்ணு விழ.

ஒரே ஒரு ஆளுதான் நம்புச்சு. ஹர்ஷினி.

அவ அழுகல. "அன்னைக்கே ஏன் சித்தி சொல்லல?" அம்புட்டுதான் கேட்டா. அப்புறம் பொன்மணி கையால சோறு வாங்கல. தல சீவ விடல. கிட்டக்க வந்தா எந்திரிச்சுப் போயிருதா. அந்தக் கோவம் ஞாயம்தானன்னு பொன்மணியும் சும்மா இருந்துட்டா.

அடுத்து வந்த ஞாயித்துக்கெழம. அடுப்படியில பொன்மணி. மூலையில செல்லோட உக்காந்திருந்த பிள்ளை எந்திரிச்சு வந்து அவ இடுப்பக் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. செல்ல நீட்டுனா.

அழிச்ச சேனலு. வேற எவன் செல்லுல தேடுனாலும் இல்லன்னுதான் வருது. இதுல மட்டும் தெறந்திருக்கு. கருகுன செவரு, ‘ஆட்கள் 4’. கீழ பிள்ளை அடிச்சது.

"அம்மா நீ செத்துட்டியா. சித்தி ஏன் எங்கிட்டச் சொல்லல."

அதுக்குக் கீழ இந்தத் தடவ ஹார்ட்டு இல்ல. எழுத்து. மணி பன்னெண்டு பத்துன்னு போட்டிருக்கு.

"ஆமா தாயி. சித்திய வையாத. அவ சட்டி எங்கிட்டத்தான் இருக்கு."