காலையில் போட்ட ஒரு குளிசை

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போன பஸ்ஸின் பின் சீட்டில் அன்று ஐந்து பேர் இருந்தோம்: தூங்கிக்கொண்டு வந்த இரண்டு பேர், கிளினிக் அட்டையைப் பிடித்திருந்த ஒரு பெண், அவளுடைய நாத்தனார், ஜன்னலோரம் நான்.

“அலர்ஜி டெஸ்ட் முடியிற வரைக்கும் அந்த அரிப்புக் குளிசையத் தொடக் கூடாதுன்னு நர்ஸ் படிச்சுப் படிச்சு சொன்னாங்களே, அண்ணி!” என்றாள் நாத்தனார்.

“இவ்வளவு நாளா சொறிஞ்சுக்கிட்டே பொறுத்துக்கிட்டேன். இன்னைக்குக் காலையில மூஞ்செல்லாம் தடிச்சுப்போச்சு. அந்த மூஞ்சியோட பஸ்ல ஏறுனா பக்கத்துல யாரு உக்காருவா? ஒண்ணே ஒண்ணுதான் போட்டேன்.”

“ஒண்ணு போதாதா? அது ஒடம்புல இருக்கிற வரைக்கும் டெஸ்ட் ஊசியில எதத் தொட்டுக் குத்துனாலும் தோல் தடிக்காது. டாக்டர்கிட்டயாவது சொன்னீங்களா?”

“ஏசுவாருன்னு பயமா இருந்திச்சு.”

“நல்ல பயம்! மில்லுல மிளகாய் அரைக்கிற ரூம்ல இருந்து உங்கள மாத்தணும்னா டாக்டர் எழுதிக் குடுக்கிற துண்டு வேணும். அவரு அலர்ஜி இல்லன்னு எழுதிட்டாரு. இனி நடிக்கிறீங்கன்னுதான் சொல்லுவாங்க.”

பஸ் உக்குவளையைத் தாண்டும்போது அந்தப் பெண் கிளினிக் அட்டையைப் பைக்குள் திணித்தாள்.

“வேலைய விட்டுருங்க அண்ணி. அன்னைக்கு அந்த ரூம்ல ஆன மாதிரி மறுபடியும் மூச்சு அடைச்சா?”

“எப்படி விடுறது? இந்த டெஸ்ட்டுக்கே மில்லுலதான் அட்வான்ஸ் வாங்குனேன். இன்னும் எட்டாயிரம் ரூபா பாக்கி இருக்கு.”