கொய்யா மரத்துக்குப் பூண்டுத் தண்ணி

ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவள் சொன்னாள்:

"எங்க வீட்டுக்காரரு பக்கத்துல இப்ப கொசுகூட வர்றதில்லக்கா. மேலெல்லாம் பூண்டு வாசம்."

மூத்தவர் சிரித்தார். "ஏன், என்னா பண்றாரு?"

"பூண்டு, மொளகா, எலுமிச்ச வாசம் அடிக்குமே அந்த செராய்ப் புல்லு எல்லாத்தையும் அரைச்சு, தண்ணியில கலந்து கொய்யா மரத்துக்கு அடிக்கிறாரு. கடை மருந்து வேணாம்னு நான்தான் சொன்னேன்."

"பழ ஈ போவுதா?"

"கொறையுது. ஆனா மழ பேஞ்சா கழுவிட்டுப் போயிரும், திரும்ப அடிக்கணும். பழம் நெறையா வீணாத்தான் போவுது."

"அப்பறம் ஏன் இந்தப் பாடு? பழைய மருந்தே அடிக்கலாம் லா."

பஸ் வளைவில் திரும்பியது. ஜன்னல் முழுக்கத் தேயிலைச் சரிவு. இளையவள் மடியிலிருந்த பையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"போன வருசம் அந்த மருந்த அடிச்சிக்கிட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்து என்னயப் பாத்து, 'நீங்க யாரு?'ன்னு கேட்டாருக்கா. மறுநாள்தான் நெனப்பு வந்துச்சு."

மூத்தவர் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். இளையவள் தொடர்ந்தாள்:

"பழம் போவுதேன்னு இப்ப தெனமும் என்னயத் திட்டுறாரு. பேரச் சொல்லித்தான் திட்டுறாரு. திட்டட்டும் லா."