பதிலுக்குக் காத்திருக்கிற பெட்டி

...இல்ல மேடம், நீங்களே சொல்லுங்க, தப்பு என் பக்கமா? செக் பண்ண வந்தவங்க நீங்க, யாருக்கும் சாயாம சொல்லணும். ம்? இருங்க, நான் முடிச்சிடறேன்.

இதோ ஷெட்டுத் தரையில பதிச்சிருக்கே பலகை, அதுக்குக் கரண்ட் குடுக்கிற பெட்டி என்னோடது. பஸ் வந்து மேல நின்னா போதும், ஒயரே வேணாம், தானா சார்ஜ் ஏறும். பஸ்ஸுக்கு அடியில மாட்டியிருக்கிற பெட்டி என் மச்சினன் செஞ்சது. ஆமா, வீட்டுக்காரியோட தம்பிதான், வேற யாரு! என் வேலை குடுக்கிறது. அவன் வேலை சொல்றது... கொஞ்சம் ஏத்து, குறை, போதும்னு. சொல்லிக்கிட்டே இருக்கணும். சொன்னாத்தானே அளவு பாத்துக் குடுக்க முடியும்? பதில் வரலன்னா என் பெட்டி மூணு செகண்ட் பாக்கும், டப்புனு நின்னுடும். ரோஷக்கார பெட்டி!

ஒரு நிமிஷம்... முதுகு... ஆங், அங்கதான்... அப்பாடா!

எங்க விட்டேன்? திங்கக்கிழமை வரைக்கும் ஜோரா ஓடிச்சு மேடம். நீங்க வரப்போறீங்கன்னு பெட்டியைத் துடைச்சேன், நானே, என் கையால, ஒவ்வொண்ணா கழட்டி. அன்னிக்குப் பிடிச்சுது சனி! மூணு செகண்ட், டப். மூணு செகண்ட், டப். அவன் பெட்டி ஊமையாயிடுச்சு. இன்னிக்கு நீங்க கையெழுத்துப் போடலன்னா நாப்பது பஸ்ஸும் பழையபடி ஒயருக்குப் போயிடும். நான் இங்க பல்பு மாட்டிக்கிட்டுக் கிடக்கணும்.

விடுவேனா? அவனைத் தூக்குங்கன்னு நேத்து மேனேஜருக்கு மூணு பக்கம் எழுதிக் குடுத்துட்டேன். அவனும் நாலு தடவை போன் பண்ணான். மாமா, உங்க பெட்டி உச்சியில ஒரு தடவை...ன்னு ஆரம்பிப்பான். முடிக்க விடணுமே நான்! வீட்டுல பேச்சே நின்னுபோச்சு. வீட்டுக்காரி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா: உங்க பெட்டிக்கு இருக்கிற அறிவு உங்களுக்கு இல்லையே, பதில் வரலன்னா அதாவது வாயை மூடுதுன்னு.

என்ன மேடம், வந்ததுலேர்ந்து என் கையையே பாக்குறீங்க? இதுவா? முதுகு சொறியற குச்சி. திங்கக்கிழமை மேஜையில கிடந்துச்சு, வாகா இருக்கேன்னு...

அட, இருங்க... இதோட அடியில ஏன் திருகு மரை இருக்கு?

...ஐயோ.

மேடம், இது... அவன் சொல்றதைக் கேக்கிற ஏரியல் மேடம். என் பெட்டியோட காது. நாலு நாளா நான் அதால...

இருங்க, போயிடாதீங்க! இதோ பெட்டியில திருகிட்டேன், பஸ்ஸும் பலகை மேலதான் நிக்குது. மூணு... நாலு... அஞ்சு... ஓடுது! பாருங்க, குறைங்கறான். குறைக்குது! பாவம், இவ்வளவு நாளும் கத்திக்கிட்டேதான் இருந்திருக்கான்.

மேனேஜர் அந்தக் கடுதாசியைப் படிச்சிருப்பாரா? முதல்ல அவனுக்குப் போன் போடறேன். ஹலோ, மச்சான்? நீ பேசுப்பா. இன்னிக்கு நீ பேசு, நான் கேக்கிறேன். வாயே திறக்க மாட்டேன்...

ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. முதுகு அரிச்சா மனுஷன் சொறியாம என்னடா பண்ணுவான்?